நவம்பர் முதல் சனிக்கிழமை

அக்காவின் கல்யாணத்துக்கு நாள் குறித்தது ஐயர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். உண்மையில் குறித்தது நான். ஐயர் மூன்று சனிக்கிழமைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அக்கா அதை என் முன்னால் வைத்து, "உனக்கு எது தோது?" என்று கேட்டாள். இரண்டு நாட்கள் ஒக்டோபரில் இருந்தன. நான் யோசிக்காமல் மூன்றாவதில் விரலை வைத்தேன். நவம்பர் முதல் சனிக்கிழமை.

"அண்டைக்கு உங்கட விளையாட்டு ஒண்டும் இல்லையே?"

"ஒக்டோபரோட எங்கட கதை முடிஞ்சிடும் அக்கா. ஏழு வருசமா அப்பிடித்தானே."

அந்தக் காலத்தில் நான் ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஃபுட்போல் அணிக்குப் பகுதிநேரப் பயிற்சியாளன். எங்கள் ஊர் உதைபந்தாட்டம் இல்லை இது. முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையில் கவசம் போட்டுக்கொண்டு, ஆளை ஆள் இடித்து விழுத்துகிற அமெரிக்க ஆட்டம். கனடாவில் மைதானம் கொஞ்சம் பெரிது, விதிகள் கொஞ்சம் வேறு. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குப் பந்து உதைத்த கால் என்பதால் படிக்கும்போது மூன்று வருடம் அந்த அணிக்கு உதைக்கிறவனாக இருந்தேன். படித்து முடித்த பிறகு நான்கு வருடமாக உதைக்கிறவர்களைப் பழக்கிக்கொண்டிருந்தேன். பகலில் பக்கத்து மார்க்கம் நகரத்தில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் கம்பியூட்டர் வேலை. பின்னேரத்தில் மைதானம். இந்த ஏழு வருடமும் நாங்கள் தோற்ற கதையை எழுதினால் மகாபாரதம் அளவுக்கு வரும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தோற்றுவிட்டு வந்தால் எதிலும் குறை பிடிப்பேன். சோறு குழைந்துபோச்சு என்பேன், ரசத்தில் உப்பில்லை என்பேன். அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள். அவள்தான் எங்கள் வீட்டில் முதலில் கனடாவுக்கு வந்தவள். ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிஃப்ட் செய்து என்னையும் அம்மாவையும் கூப்பிட்டு, என்னைப் படிக்கவும் வைத்தாள். கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் "தம்பி படிச்சு முடியட்டும்" என்றாள். நான் படித்து முடித்தேன். பிறகு "தம்பிக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கட்டும்" என்றாள். அதுவும் கிடைத்து, நல்ல மனிதர் ஒருவரும் அமைந்தபோது அவளுக்கு வயது முப்பத்துநாலு. எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தம்பி அவருடைய காலைக் கழுவி உள்ளே கூட்டிக்கொண்டு போகவேண்டும். தோழன் என்று பெயர். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அதற்கு நான் ஒருவன்தான் இருந்தேன். அவள் என்னிடம் கேட்டதும் அந்த ஒரு நாளைத்தான்.

ஓகஸ்டில் அழைப்பிதழ் அச்சாகி வந்தது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம், மேலே தங்க நிறத்தில் பிள்ளையார். தலைமைப் பயிற்சியாளருக்கும் ஒன்று கொடுத்தேன். அவர் ஆறடிக்கு மேல் உயரமான வெள்ளைக்காரர், முழங்கால் இரண்டும் பழுதான பழைய ஆட்டக்காரர், ஒரு நாளைக்கு நாற்பது சொல்லுக்கு மேல் பேசமாட்டார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திகதி இருந்த இடத்தில் அவருடைய கண் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. "வடிவான அட்டை," என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் பார்த்தால் உடை மாற்றும் அறை வாசலில் இருந்த பலகையில் அது குத்தியிருந்தது. மற்ற அணிக்காரர்கள் எங்களை நக்கலடித்துப் பத்திரிகைகளுக்குச் சொன்னவற்றை வெட்டி, எங்கள் ஆட்டக்காரப் பெடியள் வாசித்துச் சூடாகட்டும் என்று அவர் ஒட்டிவைக்கிற பலகை அது. நான் அதைக் கிட்டப் போய் வாசிப்பதில்லை. அந்தக் குப்பைக்கு நடுவில் பிள்ளையார் இருந்தது எனக்குக் கொஞ்சம் அந்தரமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனிசன் மரியாதைக்குத்தானே வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், பெருமையாகவும் இருந்தது.

செப்டெம்பரில் முதல் ஆட்டத்தை வென்றோம். சந்தோஷப்பட்டேன். இரண்டாவதையும் வென்றோம். அதற்கும் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒன்று தோற்று, இரண்டு வென்றபோது அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். முதல் நான்கு இடத்துக்குள் வரும் அணிகளுக்கு அடுத்த சுற்று உண்டு. அது நவம்பர் முதல் சனிக்கிழமை. எங்களுக்கு அப்படி ஒரு சுற்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வீட்டில் வாயே திறக்கவில்லை. மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று, நானூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியாயிற்று. முகூர்த்தம் காலை பத்தே கால். கட்டாயம் அடுத்த ஆட்டத்தில் தோற்போம் என்று ஒவ்வொரு கிழமையும் என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஒரு பயிற்சியாளன் நினைக்கிற நினைப்பா இது? அந்த வெட்கத்தில் உதைக்கிற பெடியனிடம் எரிந்து விழுந்தேன். அவன் போர்த்துக்கேயக் குடும்பத்துப் பிள்ளை, கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தான். எவ்வளவு கத்தினாலும், "சரி கோச்," என்று இன்னொரு பந்தை எடுத்து வைப்பான்.

கடைசி ஆட்டம் ஒக்டோபர் இறுதிச் சனிக்கிழமை. வென்றால் அடுத்த சுற்று. சமநிலை என்றாலும் வீடுதான். ஆட்டம் முடிய ஏழு விநாடி இருக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே புள்ளி. பந்து எங்கள் கையில். கோல் கம்பங்களிலிருந்து நாற்பத்தெட்டு கஜத் தூரம்.

இங்கே கனடாவின் விதி ஒன்றைச் சொல்லவேண்டும். உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. தவறி வெளியே போனாலும், அது எதிராளியின் பின்கோட்டைத் தாண்டிவிட்டால் ஒரு புள்ளி உண்டு. எங்களுக்கு ஒன்று போதும். ஆனால் பந்து தூரம் போதாமல் கட்டையாக விழுந்தால், பின்னால் நிற்கிற எதிராளி அதைத் தூக்கிக்கொண்டு மைதானம் முழுவதும் ஓடிவந்து எங்கள் கதையை முடித்துவிடுவான்.

தலைமைப் பயிற்சியாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மைதானத்தைப் பார்த்தபடி கேட்டார்:

"போகுமா?"

நான் புல்லைப் பிடுங்கி எறிந்து பார்த்தேன். காற்று எங்கள் முதுகுப் பக்கமாக இருந்தது. பெடியனின் கால் அன்று நல்ல சூட்டில் இருந்தது. பின்கோட்டைத் தாண்டும் என்று எனக்குத் தெரியும். "காற்றுப் போதாது" என்று இரண்டு சொல் சொன்னால் போதும். அவர் வேறு ஏதாவது முயற்சி செய்வார், பெரும்பாலும் சரிவராது. என்னை ஒருவரும் குற்றம் சொல்லமாட்டார்கள். பத்தே காலுக்கு நான் வேட்டியோடு மண்டப வாசலில் நிற்பேன். அக்காவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பந்துக்குப் பக்கத்தில் அடி அளந்துகொண்டிருந்த பெடியனும் தெரிந்தான்.

"போகும்," என்றேன்.

அவர் உடனே கையைக் காட்டினார். பெடியன் உதைத்தான். கம்பங்களுக்கு நடுவே போகவில்லை, வலப்பக்கமாக விலகிப் போனது. பின்னால் நின்ற எதிராளியின் தலைக்கு மேலால் போய் விழுந்து, குதித்து, பின்கோட்டைத் தாண்டி உருண்டது. ஒரு புள்ளி. எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். நானும் கத்தினேன். அழுதேனா சிரித்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனபோது அக்கா வேலை உடுப்புக்கு அயர்ன் பிடித்துக்கொண்டிருந்தாள். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். அடுத்த சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு, ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருக்கிற இன்னொரு நகரத்தில் ஆட்டம், காலை பத்துக்கே அங்கே நிற்கவேண்டும் என்றேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

"நீ போகாட்டி அவங்கள் விளையாடமாட்டாங்களே?" என்று அக்கா கேட்டாள்.

"விளையாடுவாங்கள்."

"அப்ப?"

"போகுமோ எண்டு கேட்டவர். இல்லை எண்டு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். நான்தான் ஓம் எண்டனான்."

அக்கா அயர்னை நிமிர்த்தி வைத்தாள்.

"ஓம் எண்டு சொல்லிப்போட்டு இப்ப என்ன முழுசுறாய்? ஏழு வருசமாத் தோத்துத் தோத்து வந்து என்ர சோத்தில பிழை பிடிச்சனீ. ஒருக்கா வெண்டுட்டு வந்திருக்கிறாய். போகவேண்டாம் எண்டு மறிச்சா, அடுத்த ஏழு வருசமும் உன்ர புலம்பலை ஆர் கேக்கிறது? முகூர்த்தத்தை விடியக்காலமைக்கு மாத்துவம்."

"பந்தடிக்காகத் தாலி கட்டுற நேரத்தை மாத்தின குடும்பம் எண்டு சனம் சிரிக்கும், பிள்ளை," என்றார் அம்மா.

"சிரிக்கட்டும் அம்மா. காலமை ஏழு மணிக்கு எங்கட சனத்தில ஆர் வரப்போகினம் சிரிக்க?"

சொல்லிக்கொண்டே ஐயருக்கு ரெலிபோன் எடுத்தாள். அதே நாளில் ஏழே காலுக்கு இன்னொரு நல்ல நேரம் இருக்கிறது என்றார் அவர். மாப்பிள்ளை வீட்டாருக்கும் அவளே எடுத்துச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினாள்.

அந்தச் சனிக்கிழமை விடியப்புறம் மண்டப வாசலில் மெல்லிசாகப் பனி தூறிக்கொண்டிருந்தது. வெறும் மேலில் சால்வையோடு நடுங்கிக்கொண்டு நின்று மாப்பிள்ளையின் காலைச் செம்புத் தண்ணீரால் கழுவினேன். அவர் தோழனுக்குரிய மோதிரத்தை என் விரலில் போட்டு, "தம்பி, தண்ணி ஐஸ் மாதிரி கிடக்கு, கெதியா உள்ளுக்குப் போவம்," என்றார். முப்பது பேர் பார்க்க அக்காவுக்குத் தாலி ஏறியது. மற்ற முந்நூற்றெழுபது பேரும் வழமைபோலப் பதினொரு மணிக்குப் பிறகு வந்து, தாலி கட்டுப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்களாம். அவர்கள் வரும்போது நான் நெற்றியில் சந்தனத்தோடு மைதானத்தில் நின்றேன்.

படுதோல்வி. இருபத்தெட்டுப் புள்ளி வித்தியாசம். பேச ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை பெடியள் அலுமாரிகளைக் காலி செய்தார்கள். உதைக்கிற பெடியன் பலகையில் இருந்த அழைப்பிதழைக் கழற்றிக்கொண்டு வந்து தந்தான். "உங்கள் அக்காவுக்குக் கொடுங்கள் கோச். அவருக்கு நாங்கள் எல்லோரும் நன்றி சொல்லவேண்டும்," என்றான். அட்டை முழுவதும் பெடியளின் கையெழுத்து. திகதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: அன்றைக்கு நமக்கு ஆட்டம் இருக்காது என்று நம் கோச் நினைக்கிறார்.

தலைமைப் பயிற்சியாளரின் கையெழுத்து அது. மை மங்கிப் போயிருந்தது, ஓகஸ்டில் எழுதியது. மரியாதைக்கு வைத்தார் என்று நான் பூரித்துப்போன அட்டை, மூன்று மாதமாக எங்களை நக்கலடித்தவர்களின் வரிசையில் தொங்கியிருக்கிறது. நான் தினம் கத்தின அத்தனை பெடியளும் அதை வாசித்துவிட்டுத்தான், "சரி கோச்," என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தனும் என் முகத்துக்கு நேரே ஒரு சொல் கேட்கவில்லை.

வெட்கத்தில் காது சுட்டது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் மற்றது விளங்கியது. மைதான ஓரத்தில் என்னிடம் "போகுமா" என்று கேட்டபோது, அடுத்த சனிக்கிழமை என்ன நாள் என்று அந்த மனிசனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டார். முகத்தைக்கூடப் பார்க்காமல் என் சொல்லை எடுத்துக்கொண்டார். என்னை அப்படி நம்பியவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர். மற்றவள் அக்கா.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் அந்த அணியோடு இருந்தேன். நவம்பர் முதல் சனிக்கிழமைக்கு மட்டும் ஒருவருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. அநேகமான வருடங்களில் ஆட்டம் இருக்காது. திகதி எதுவானாலும் அக்காவும் அத்தானும் கல்யாண நாளை அந்தச் சனிக்கிழமையில்தான் கொண்டாடுவார்கள் என்பதால், அவள் காலையிலேயே ரெலிபோன் எடுப்பாள். "இந்த வருசமும் சும்மாவோ? சரி, சாப்பிட வா." இரண்டே இரண்டு முறை மட்டும், "இல்லை அக்கா, எங்களுக்கு ஆட்டம் இருக்கு," என்று சொல்ல முடிந்தது. இரண்டு முறையும் அவள் ரெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டே அத்தானைக் கூப்பிட்டு, "இஞ்சருங்கோ, தம்பி இண்டைக்கு வரேலாதாம்," என்று சொன்னது எனக்குக் கேட்டது. கல்யாணத்தன்றுகூட அவள் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்கவில்லை.