விஜிதரனின் பச்சை விளக்குகள்

விஜிதரனைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்கு வாய் கசக்கும். இருந்தாலும் சொல்கிறேன். நோர்வூட்டுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருஷமாக இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர் நான், பெயர் சின்னராசா. அவன் கொழும்பில் இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வந்தவன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைத் தாண்டும்போது கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பான். அவன் அம்மாவும் கொழுந்து பறித்தவள்தான்.

அப்போது தொழிற்சாலையில் வேலைக்கு வந்ததும் விரல் வைக்கும் மெஷின் ஒரு நேரம் காட்டும், கொழுந்துத் தராசு ஒன்று காட்டும், கேமரா வேறொன்று காட்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவா, பிசகினால் கண்டுபிடிக்கவும் வழிசெய் என்று தோட்டத்து மேனேஜர் தொரை அவனிடம் ஒப்படைத்தார். அதற்கு என்.டி.பி. என்று சாதாரண முறை ஒன்று உண்டு. இன்டர்நெட்டிலிருந்து சரியான நேரத்தை வாங்கி மெஷின்களுக்குக் கொடுக்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வருகிறவன் விரல் வைக்க அது தாராளம். விஜிதரன் ஐயாவுக்கு அது பிடிக்குமா? மைக்ரோ செக்கன்கூடப் பிசகாத பி.டி.பி.தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். மழை பெய்தால் இன்டர்நெட் போய்விடுகிறது, வெளி நேரமே வேண்டாம், தன் கம்ப்யூட்டர்தான் தலைமை மணிக்கூடு என்றான். கண்காணிக்க மூன்று மென்பொருள் பார்த்து, அழகாகப் பச்சை விளக்கு எரிகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். மெஷின்கள் தலைமையோடு ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் அது பார்க்கும். தலைமை சரியா என்று பார்க்க ஒன்றுமில்லை.

அந்தத் தலைமைக்கு நேரம் வைத்தானே, அதுதான் கூத்து. தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக முடியாது, வாசல் பெட்டியில் போட வேண்டும். அதனால் வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஊதுவதற்காகச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய மணிக்கூட்டைப் பார்த்து வைத்தான். ஆட்கள் பிந்தக்கூடாதென்று அதைப் பன்னிரண்டு நிமிஷம் முந்த வைப்பது எங்கள் வழக்கம். சங்கு கேட்டு வருகிறவர்களுக்கு அதனால் குழப்பமில்லை. வாராவாரம் அதற்குச் சாவி கொடுப்பவன் நான்.

"பிட்டர், இது சரியா ஓடுதா?" என்று என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"நல்லா ஓடுது," என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். மாட்டிக்கொண்டு முழிக்கட்டும் என்றிருந்தேன்.

அன்றிலிருந்து சாயங்காலம் தன் கம்ப்யூட்டர் நேரத்துக்கு இறங்கி, பஸ் நிற்கும் இடத்தில் நின்று, இந்த ரூட்டில் ஒரு பஸ்ஸாவது நேரத்துக்கு வருகிறதா என்று புலம்புவான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

ஆனால் அடிபட்டவள் வீரம்மா. தூள் சலிக்கும் அறையில் வேலை செய்கிறவள். சங்கு கேட்காத, தோட்டத்தின் கீழ் டிவிஷனிலிருந்து, போனில் மணி பார்த்து நடந்து வருவாள். மூன்று மாதமாகத் தினமும் பிந்துகிறாள் என்று மெஷின் சொன்னது. வேலையிலிருந்து பேரை வெட்டப்போவதாகக் கடிதம் வந்தது. பேர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். புருஷன் இல்லாதவள், இரண்டு பொட்டைப்பிள்ளைகளோடு எங்கே போவாள்?

தொரையின் ஆபீஸில் நடந்த விசாரணைக்கு அவளுக்காக நானும் போனேன்.

"எல்லாம் பச்சை சேர். மைக்ரோ செக்கன்கூட வித்தியாசம் இல்ல," என்று விஜிதரன் திரையைத் திருப்பிக் காட்டினான்.

வீரம்மா போனை மேசையில் வைத்தாள். "வேலை தொடங்குற ஏழரைக்கு முந்தியே வந்துர்றேங்க தொரை. இதுல பாருங்க."

"இந்த ஓட்டைப் போனை நம்பச் சொல்றீங்களா?" என்று அவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. "தொரை, பிந்தல் கணக்குல தொழிலாளி பக்கத்தை மட்டுந்தானே அச்சடிச்சிருக்கு? ஆபீஸ் ஸ்டாப் ஆளுங்க பக்கத்தையும் எடுங்க," என்றேன்.

எடுத்தார்கள். முதல் பேரே விஜிதரன். அவனும் ஹட்டன் டவுனிலிருந்து போனைப் பார்த்து வருகிறவன்தானே. அறுபத்தொரு நாள் பிந்தல்.

"நான் ஒருநாளும் பிந்தல சேர்," என்றான்.

தொரை தன் போனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். திரை பன்னிரண்டு நிமிஷம் முந்தியிருந்தது. வீரம்மாவின் கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

வெளியே வந்தும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வீரம்மா சிரிக்கவில்லை.

"அந்த மணிக்கூட்டுக்குச் சாவி குடுக்கிறது நீங்கதானே, அண்ணே?"

"ஆமா."

"மூணு மாசமா எம்புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் அழுததப் பாத்தீங்கதானே? அந்தத் தம்பி தெரியாம செஞ்சிச்சு. நீங்க?"

பதிலுக்கு நிற்காமல் சலிக்கும் அறைக்குப் போய்விட்டாள். இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், விஜிதரனிடம் பேசுகிறாள்.