கவர் திறக்கும் நேரத்து டீ

இன்ஜினின் முன்பக்கக் கவரைக் கழற்றி டைமிங் பெல்ட் மாட்டும் நேரம் வந்தால், பெரியப்பாவுக்குத் தாகம் எடுத்துவிடும். திருவொற்றியூரில் இருந்த அவருடைய ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகுகிறவர்களில் ஒருவர் டீக்குப் போவார், ஒருவர் பன்னுக்கு, மீதிப் பேர் பக்கத்துக் கடையில் கிடைக்காத ஏதாவது ஒன்றுக்கு. திரும்பி வரும்போது கவர் மூடியிருக்கும், வண்டி ஓடும். அவருடைய குருவும் அவரை இப்படித்தான் டீக்கு அனுப்பினாராம். போதாததற்கு, பெரியப்பாவிடமே தொழில் பழகிய ஒருவர் எதிர் வரிசையிலேயே கடை போட்டிருந்தார்.

பெரியப்பாவின் கடைசித் தங்கையான என் அத்தையும் அங்கேதான் பழகினாள். ஐ.டி.ஐ.யில் படித்திருந்தாள். ஆனால் அங்கே இருந்தது குறுக்கே வெட்டி பெயிண்ட் அடித்த இன்ஜின். அதைப் பார்க்கலாம், எதையும் மாட்ட முடியாது. இப்போது ஒரு கார் சர்வீஸ் சென்டரில் வேலைக்கு அழைப்பு, திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. பெல்ட்டைத் தப்பாக மாட்டினால் வால்வு வளையும், வேலையும் கிடைக்காது. அண்ணனிடம் கேட்டுப் பார்த்தாள்.

“அண்ணன் கடைன்னா உனுக்கு மட்டும் தனி ரூலா? போ, டீ வாங்கினு வா.”

அதன் பிறகுதான் அத்தை என்னை வேலைக்கு எடுத்தாள். நான் இரண்டாம் வகுப்பு. வரிசையாகச் சொல்லிக்கொடுத்தாள். கவரின் போல்ட்டில் ஸ்பானர் விழும்போது பிளாஸ்க்கோடு உள்ளே வர வேண்டும். முதல் டம்ளர் பெரியப்பாவுக்கு. யார் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. வரிசையாகச் சொன்னால் எனக்குப் பிடிக்கும், அப்போதே.

முதல் நாள் பெரியப்பா என்னையும் பிளாஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அதான் டீ வந்துடுச்சேண்ணா, இனிமே எங்க போறது?” என்றாள் அத்தை.

மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவர் டீயைக் குடித்தார். ஆனால் முதுகால் இன்ஜினை மறைத்துக்கொண்டே வேலையை முடித்தார். மறுநாளும் அந்த முதுகுதான். கூடவே, சர்க்கரை கம்மி என்று ஒரு குறை.

சனிக்கிழமை காசிமேட்டு மீன் வேன் ஒன்று பெல்ட் மாற்ற வந்து நின்றது. அன்றைக்குப் பார்த்து என் வீட்டில் பால் திரிந்துபோய், வேறு பாக்கெட் வாங்கிக் காய்ச்சத் தாமதமாகிவிட்டது. எல்லாம் கெட்டது என்றே ஓடினேன். வாசலிலேயே வேன்காரர் கத்துவது கேட்டது.

“இன்னா நைனா, ஸ்பானரைக் கைல வெச்சிகினு பூஜை பண்றியா? விடிகாலைல நான் ஏலத்தாண்ட நிக்கணும்.”

“டீ வரட்டும்பா,” என்றார் பெரியப்பா. கவர் மூடியபடியே இருந்தது.

நான் டம்ளரை நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என்னை ஒரு ஸ்டூலில் ஏற்றி நிறுத்தினார். கவரைத் திறந்தார். பிறகு ஒதுங்கி நின்றார். அன்று அவர் முதுகு எதையும் மறைக்கவில்லை.

“நல்லா பாரு கண்ணு. மேல கீற குறி, கீழ கீற குறி, ரெண்டும் நேரா நிக்கணும். பெல்ட்டை மாட்டினதும் சாவி போட்டுடாத. கையால இன்ஜினை ரெண்டு சுத்து சுத்து. குறி மறுபடி நேரா வந்தாதான் சாவி.”

சொன்னதையே இன்னொரு முறையும் சொன்னார். எனக்குப் பின்னால் அத்தையும் மற்றவர்களும் அசையாமல் நின்றிருந்தார்கள்.

அத்தைக்கு அந்த வேலை கிடைத்தது. நான் இப்போது எண்ணூர் பக்கம் சர்வீஸ் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கவர் திறந்திருக்கும்போது யாரும் டீக்குப் போகக் கூடாது என்பதுதான் என் வகுப்பின் முதல் விதி.

அன்று எனக்கு இரண்டு வருத்தங்கள். அவ்வளவு ஓடிக் கொண்டுவந்த டீ, குடிக்க ஆளில்லாமல் ஆடை கட்டிப்போனது. இரண்டாவது, ஒவ்வொன்றுக்கும் புரிந்ததுபோல் நான் தலையாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கும்போது, பெரியப்பா எதற்கு அத்தனை சத்தமாகச் சொல்கிறார் என்பது.