வெள்ளிக்கிழமை உங்க முறை, அண்ணாச்சி

போன செவ்வாய்க்கிழமை காலை மரியபுஷ்பத்தின் மகன் அருள் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றான். எங்கே என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அவன் சொன்னது உறைத்தது. காலைக் காப்பியைக் குடித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். மரியபுஷ்பம் வேலையை விட்டுத் தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பிப் பல வருடங்கள் ஆகின்றன. அவ்வளவு தூரம் பேருந்தில் போக என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அடக்கத்துக்கு என் மகள் கலா போய் வந்தாள்.

பனியன் நகரத்து ராயபுரத்துக்குப் பின்னால் எதிரும் புதிருமாக ஏழு வீடுகள் இருந்த லைனில் எங்களோடு குடியிருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு அவர் 'செக்கிங் புஷ்பம்'. பனியனில் ஓர் ஊசி ஓட்டையைக் கூடத் தப்பவிடாதவர் என்று பெயர் எடுத்தவர். எனக்கு அவர் அடுத்த வீட்டுக்காரர். எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் கூரை வரை எட்டாது. ஒரு வீட்டுப் பேச்சு மறு வீட்டுக்கும் பொது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு சித்திரையில் என் மனைவி இறந்தாள். கலாவுக்கு ஒன்பது வயது, செந்திலுக்கு ஆறு. நான் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவு எழுத்தர். பட்டப்படிப்பு படித்தவன், அடுப்பு மூட்டத் தெரியாதவன். குழந்தைகளுக்குக் காலையில் டீயும் பன்னும், மாலையில் மெஸ் புரோட்டா. ஆவணி முடிவதற்குள் கலாவுக்கு இரத்தம் குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். செய்தி கேட்டு என் மனைவியின் அண்ணன் பழனிச்சாமி பெருமாநல்லூரிலிருந்து வந்தார்.

"மாப்ள, புள்ள வெளுத்துக் கெடக்குதுங்க. உங்களத் தப்புச் சொல்லல. ஆம்பள ஒருத்தரால ஆகற காரியமில்லீங்க இது. தீபாவளிக்குள்ள தேறலீன்னா ரண்டு பேரையும் அப்புச்சி ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயர்றேன். அங்கயே பள்ளிக்கூடம் போகட்டும்."

"சரிங்க மச்சான்" என்றேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்புச்சி என்று குழந்தைகள் அழைத்த என் மாமனாரின் வீட்டில் கறவை மாடு இருந்தது, கீரைப்பாத்தி இருந்தது, சமைக்க ஆள் இருந்தது. நியாயம் அவர் பக்கம்தான் என்று பட்டது. ஆனால் அந்த ஒற்றை அறையில் குழந்தைகளின் பாய்கள் சுருட்டி வைத்தபடியே இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் குழாயடியில் புஷ்பம் குடத்தை வைத்துவிட்டு நேராகவே கேட்டார். "அண்ணாச்சி, பிள்ளையள அனுப்புததுக்கு உங்களுக்குச் சம்மதமா?"

"இல்லீங்க."

"பெறவு எதுக்குச் சரின்னு சொன்னீய?"

நான் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தேன்.

"சரி, அத விடுங்க. மொதல்ல அந்தப் பன்ன நிப்பாட்டுங்க."

அந்த ஆண்டுகளில் மின்சாரப் பற்றாக்குறையால் பகுதிக்கு ஒரு நாள் என்று கம்பெனிகளுக்கு விடுமுறை விட்டார்கள். கரண்ட் லீவு என்போம். எங்கள் லைனில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பகுதியில் வேலை செய்ததால் தினமும் ஏதாவது ஒரு வீட்டில் ஓர் ஆள் சும்மா இருந்தார். அதைக் கவனித்தவர் புஷ்பம்தான். காலாண்டு விடுமுறை வரப்போகிறது, தீபாவளி ஆர்டருக்கு எல்லோருக்கும் ஓவர்டைம், லைனிலுள்ள ஒன்பது பிள்ளைகளும் தெருவில்தான் கிடப்பார்கள். யாருக்குக் கரண்ட் லீவோ அவர் அன்று ஒன்பது பேருக்கும் மதியச் சோறு ஆக்க வேண்டும், வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று வீடு வீடாகப் போய் ஒப்புக்கொள்ள வைத்தார். அட்டவணை போடுவது என் வேலை. கிழமை, வீடு, சாப்பாடு, போகுமிடம், குறிப்பு என்று ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன்.

"குறிப்புன்னு ஒரு கட்டம் எதுக்கு அண்ணாச்சி?"

"ஏதாச்சும் தவறு நடந்தா எழுதி வெக்கறதுக்குங்க."

"அப்போ வெள்ளிக்கெழமைக்குப் பெரிசாப் போடுங்க. அது உங்க முறை."

அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று. முதல் வெள்ளியன்று கம்பை உமி போகக் குத்தாமல் அப்படியே வேகவைத்துவிட்டேன். ஒன்பது பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து பல்லிடுக்கில் விரலை விட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குக் கிளம்பியபோது, மதியச் சாப்பாட்டுக்கு வந்த புஷ்பம் வாசலில் மறித்தார். "பசிச்ச பிள்ளைய உக்கார வச்சிட்டு ஓட்டலுக்கு ஓடாதீய. அடுப்புக்கு ஓடுங்க." இருந்த அரிசி நொய்யையும் பாசிப்பருப்பையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டு, புறக்கடை முருங்கைக் கீரையை உருவிப் போட்டு இறக்கினோம். மீந்த கம்பு கோழிகளுக்குப் போயிற்று. அடுத்த வாரத்துக்குள் கம்பை நனைத்து, குத்தி, புடைத்து, கம்மஞ்சோறு கிண்ட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எதிர்வீட்டுக்காரர். அவரைப் பிடித்துக் கொண்டுவந்து என் வீட்டில் உட்காரவைத்தவர் புஷ்பம்.

நவராத்திரி வந்தது. கழுத்தில் சிலுவை போட்ட புஷ்பம், மாலைதோறும் ஒன்பது பிள்ளைகளையும் முகம் கழுவி, தலைசீவி, கொலு வைத்த வீடுகளுக்கு நடத்திக்கொண்டு போனார். போகிற வழியிலேயே ஆளுக்கொரு பாட்டுப் பழக்கிவிடுவார். பாடாத பிள்ளை சுண்டலுக்குக் கை நீட்டக்கூடாது என்பது அவர் சட்டம். ஒரு வீட்டு அம்மா தயங்கியபடி, "ஏனுங்க, நீங்க சர்ச்சுக்குப் போறவங்கதானுங்களே?" என்று கேட்டார். "நான் சர்ச்சுக்கு, பிள்ளையெல்லாம் சுண்டலுக்கு" என்றார் இவர். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் இன்னொரு பொட்டலம் கிடைத்தது. ஒன்பது நாளும் கடலை, பயறு, மொச்சை என்று பிள்ளைகளுக்குக் கிடைத்தது. நான் தந்த புரோட்டாவில் அதெல்லாம் ஏது?

புரட்டாசிக் கடைசியில் மழை விழுந்ததும் அவர் கடலைக்காட்டைப் பிடித்தார். கொடி பிடுங்கி முடித்த காட்டில் மண்ணுக்குள் கொஞ்சம் கடலை தங்கிவிடும். ஈரம் இருந்தால் பிள்ளைகள் குச்சியால் கிளறி எடுக்கலாம். உறவுக்காரர் கண்ணில் படக்கூடாதென்று, பெருமாநல்லூர்ப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் தன் முறையன்று தாராபுரம் சாலையில் அவிநாசிபாளையம் வரை டவுன் பஸ்ஸில் கூட்டிப்போனார். காட்டுக்காரரிடம் கேட்டதற்கு, "தாராளமாப் பொறுக்கட்டுங்க அம்மிணி. ஆடு மேயறத கண்ணுங்க தின்னா ஆகாதுங்களா?" என்றாராம். பிள்ளைகள் சேறும் சிரிப்புமாகத் திரும்பினார்கள். உப்புப் போட்டு அவித்துக் கொட்டியதும் கலா முதன்முறையாக இரண்டாவது தடவை தட்டை நீட்டினாள்.

எவ்வளவு தள்ளிப் போயும் பயனில்லை. சந்தைக்குப் போன யாரோ பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டார். அடுத்த வெள்ளி மதியம், என் முறையன்று, பழனிச்சாமி மச்சான் வந்து நின்றார். ஒன்பது பிள்ளைகள் கம்மஞ்சோறும் மோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் கையில் கரண்டி இருந்தது.

"என்ற தங்கச்சி புள்ளைக ஊரான் காட்டுல கடலை பொறுக்குதாமா? நாலு சனம் எங்கிட்டக் கேக்குதுங்க மாப்ள. தீபாவளி வரைக்கும் எதுக்குங்க? துணிமணிய எடுங்க, இப்பவே போலாம்."

அந்த நேரத்தில் புஷ்பம் சாப்பாட்டுக்கு வந்தார். எனக்கு உயிர் வந்தது. இவர் பேசிவிடுவார், யாரிடமும் பேசக்கூடியவர் என்று அவர் முகத்தையே பார்த்தேன். மச்சானும் அவர் பக்கம் திரும்பினார். "அம்மிணி, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க இவருக்கு."

புஷ்பம் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு பிள்ளைகளின் வரிசையில் போய் உட்கார்ந்து ஒரு தட்டை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "சங்கு ஊதுததுக்குள்ள நான் போவணும் அண்ணாச்சி. சோத்தப் போடுங்க."

அவ்வளவுதான் சொன்னார். அவர் தட்டில் சோற்றை வைத்தேன். இன்னொரு தட்டை எடுத்துக் கழுவி மச்சானுக்கு வைத்தேன். நிமிராமலே சொன்னேன். "உக்காருங்க மச்சான், சாப்பிடுங்க. கடலை பொறுக்கப் போனது எனக்குத் தெரிஞ்சுதானுங்க. புள்ளைகள அனுப்ப மாட்டேனுங்க."

அவர் நின்றுகொண்டே இருந்தார். கலாவின் முகத்தைக் கையால் தூக்கி, கண்ணின் கீழிமையை விரலால் இறக்கிச் சிவப்பு ஏறியிருக்கிறதா என்று பார்த்தார். டாக்டர் செய்ததைப் பார்த்துப் பழகியிருந்தார் போலும். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"வெங்காயம் இருக்குதுங்களா மாப்ள?"

இருந்தது. அதற்குள் கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது. புஷ்பம் வாயில் சோற்றோடு ஓடினார். தீபாவளிக்குக் குழந்தைகள் அப்புச்சி வீட்டுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு, ஒரு மூட்டைக் கம்போடு திரும்பி வந்தார்கள்.

புஷ்பம் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிப் போகிற சமயத்தில்தான் கேட்கத் துணிந்தேன். அன்றைக்கு ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை? புஷ்பம் சாமான்களைக் கட்டிக்கொண்டே சொன்னார். "நான் பேசியிருந்தா அது அடுத்த வீட்டுக்காரி பேச்சு. மறுவாரம் அவுக திரும்ப வந்திருப்பாவ. தகப்பன் சொன்னாத்தான நிக்கும்? எனக்கு மட்டும் பயமில்லன்னு நெனச்சீயளா? சோறே எறங்கல."

நான் செய்தது சரிதானா, அப்புச்சி வீட்டில் வளர்ந்திருந்தால் குழந்தைகள் இன்னும் நன்றாக இருந்திருப்பார்களா என்று இப்போதும் சில நாட்களில் யோசிக்கிறேன். கலாவிடம் கேட்டால் சிரிக்கிறாள்.

புஷ்பத்தைப் பற்றி லைன்காரர்களுக்கு அனுப்ப நான்கு வரி எழுதித் தாருங்கள் என்று அருள் கேட்டபோது, கலாவை எழுதச் சொல்லலாம், அவள் நன்றாக எழுதுவாள் என்றுதான் முதலில் எண்ணினேன். தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பி வந்து, நானே உட்கார்ந்து எழுதினேன். நான் சொல்ல வேண்டியதை நானே சொல்வது: அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்.