மூட்டைக்காரன் கண்மட்டத்தில் ஒரு பலகை

செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு மண்டிக்கு மேலே மாடியில் ஒரு வாசகசாலை இருந்தது. ஏறும் படிக்கட்டு கடைவீதியில் இல்லை, பக்கத்துச் சந்துக்குள் இருந்தது. அந்தப் படிக்கட்டின் அடியில்தான் நான் குழிப்பணியாரம் சுட்டு விற்றேன்.

அப்போது உலகச் சண்டைக் காலம். பேப்பரில் என்ன போட்டிருக்கிறான் என்று பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருவார்கள். வழி தெரியாமல் என்னைத்தான் கேட்பார்கள். "இப்படியே ஏறுங்க சாமி, செருப்ப இங்க உட்டுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்பேன். இறங்கி வந்து நாலு பணியாரம் தின்றுவிட்டுப் போவார்கள்.

நான் படித்தவள் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். இதை எழுதவே எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கிறது. ஆகட்டும். எனக்கு அவசரம் இல்லை.

வாசகசாலைக்கு ஒரு காரியதரிசி இருந்தார். வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவர். தன் எழுத்து அழகு என்று அவருக்குப் பெரிய கர்வம். கட்டடமும் பேப்பர் வாங்கும் செலவும் பருப்பு மண்டி முதலாளியுடையது. அதட்டல் மட்டும் இவருடையது. ஒருநாள் காலையில் என் அடுப்புக்கு நேர்மேலே ஒரு பலகையை மாட்டிவிட்டு, "படி" என்றார்.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தேன்.

"சத்தமாப் படி. எழுத்துத் தெரியும்னு பீத்திக்கறியாமே?"

மூட்டைக்காரர்கள் சுமையோடு நின்று பார்த்தார்கள். நான் ஆரம்பித்தேன். "இவ்... விடத்... தை... வியா... பாரஸ்..." அதற்குமேல் நாக்கு நகரவில்லை.

"நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள சண்டையே முடிஞ்சிரும்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் முதுகில் மூட்டையோடு அந்தக் கூட்டத்தில்தான் நின்றார். அவர் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தவும் இல்லை. "இவ்விடத்தை வியாபாரஸ்தலமாக உபயோகிப்பது நிஷேதம்னு போட்டிருக்கு. அடுப்ப எடு" என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போனார் காரியதரிசி.

எதிர்ச் சுவர் ஓரம், சாக்கடைப் பக்கம் போய் உட்கார்ந்தேன். மேலே வெயில், கீழே நாற்றம். அங்கே வந்து யார் தின்பார்கள்? சட்டியில் மாவு புளித்தது. இழந்த இடத்தை மீட்காமல் விடுவதில்லை, அவர் கையாலேயே மீட்பேன் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றுமே தெரியாது.

"ஏனுங்கக்கா, பேப்பர் படிக்கற எடம் எங்கீங்க?"

"எனக்கென்னங்க தெரியும்? அதா பெரிய போர்டு தொங்குது, படிச்சுப் பாருங்க."

வாசகசாலைப் பலகை மாடி உயரத்தில் தொங்கியது. பச்சை மேல் சிவப்பில் சுருள் சுருளான எழுத்து. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். பாதரக்ஷையுடன் பிரவேசித்தல் கூடாது, உரக்க உரையாடுதல் கூடாது, உமிழ்தல் கூடாது, உறங்குதல் கூடாது. எல்லாம் கூடாதுதான். எந்தப் பக்கம் ஏறுவது, எப்போது திறந்திருக்கும், யார் வரலாம் என்பது மட்டும் இல்லை. பார்த்தவர்கள், "நமக்கில்லீங்க போல" என்று திரும்பிப் போனார்கள். ராசிபுரம் பக்கத்துக் குடியானவர் ஒருவர், பட்டாளத்துக்குப் போன தம்பியைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர், சந்துக்குள் எட்டிப்பார்த்துவிட்டு அப்படியே போனார். கூப்பிட வாய் வந்தது. கூப்பிடவில்லை. அந்தப் பாவம் எனக்கே இருக்கட்டும்.

கொஞ்ச நாளில் மாடி காலியானது. முதலாளி ஒருநாள் ஏறிப் பார்த்தபோது, காரியதரிசி மட்டும் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக் கொண்டிருந்தாராம். கீழே வந்து என்னைக் கேட்டார்.

"ஏம்மா, முன்னெல்லாம் திமுதிமுன்னு ஏறுவாங்களே?"

"போர்டப் பாத்துட்டு ஓடிப்போயிடறாங்க முதலாளி. கூடாது கூடாதுன்னு எழுதியிருக்குது. வாங்கன்னு ஒருக்காக்கூட இல்லீங்களே?"

அவர் அண்ணாந்து பார்த்தார். தன் பணத்தில் செய்த பலகையை அன்றுதான் முழுதாகப் படித்தார் போலிருக்கிறது. காரியதரிசியைக் கூப்பிட்டு, "இந்தம்மா திக்காமப் படிக்கற மாதிரி வேற எழுதுங்க. இவளுக்கு வெளங்குனா ஊருக்கே வெளங்கும்" என்றார்.

"நான் பழைய எடத்துல உக்காந்தாத்தானுங்க போர்டப் பாத்துச் சொல்ல முடியும்" என்றேன்.

"உக்காரு, உக்காரு. யாரு வேண்டாம்னது?"

நிஷேதம் என்று மாட்டிய அந்தச் சின்னப் பலகையைக் காரியதரிசி தானே கழற்றினார். அடுப்பை அங்கே வைத்தேன். அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

முதல் தடவை எழுதிக் கொண்டுவந்தார். "பிரவேசிக்கலாம்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சுண்ணாம்பு பூசி அழித்து, "வரலாம்" என்று எழுதினார். சுழியெல்லாம் புரியவில்லை என்றேன். அழித்தார். சிவப்பில் கண் கூசுகிறது, வெள்ளை மேல் கறுப்பாக எழுதுங்கள் என்றேன். அழித்தார். ஏறும் பக்கத்தைக் காட்ட ஒரு கை வரையச் சொன்னேன். வரைந்தார்.

"கத்திரிக்கா மாதிரி இருக்குதுங்களே" என்றேன். மூட்டைக்காரர்கள் இப்போது அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பாதி எனக்கு நிஜமாகவே புரியவில்லை. மீதியை முதல் பார்வையிலேயே படித்துவிட்டேன். படித்துக்கொண்டே திக்கினேன். அவர் முழங்கை வரை சுண்ணாம்போடு நிற்பதைப் பார்க்க எனக்கு அத்தனை ஆசை.

மாட்டும்போதும் விடவில்லை. "மேல வேண்டாமுங்க. மூட்ட தூக்கறவன் அண்ணாந்து பாக்க மாட்டான். அவன் கண்ணு தரையப் பாக்கும். இடுப்பு ஒயரத்துல மாட்டுங்க." அவர் குனிந்து ஆணி அடித்தார்.

"பேப்பர் படிக்க இப்படி ஏறி வாருங்கள். காலை ஏழு முதல் மாலை ஆறு வரை. யாரும் வரலாம்." முதலாளிக்கு ரொம்பத் திருப்தி. "அவ்வளவுதானேம்மா?"

"இன்னும் ஒரு வரி வேணுமுங்க. படிக்கத் தெரியாவிட்டால் படித்துச் சொல்வோம்."

"யாரு படிச்சுச் சொல்றது?" என்று கத்தினார் காரியதரிசி.

"மேல சும்மாதானே உக்காந்திருக்கீங்க?" என்றார் முதலாளி.

மறுநாளிலிருந்து மூட்டைக்காரர்கள், வண்டிக்காரர்கள், மிளகாய் காம்பு கிள்ளுகிற பெண்கள் எல்லாரும் ஏறினார்கள். ஆள் மாறி ஆள் வர, அதே பேப்பரை அவர் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. மாதம் முடிவதற்குள் தொண்டை கட்டிவிட்டது. ஒருநாள் இறங்கி வந்தார். "இந்தாம்மா, முதலாளிகிட்டச் சொல்லி அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துடச் சொல்லேன்."

"எனக்கு நல்லா வெளங்கற வரி அது ஒண்ணுதானுங்க" என்றேன். பணியாரத்தைத் திருப்பிப் போட்டேன்.

சண்டை முடிந்த பிறகும் அவர் படித்தார். குரல் போகும்வரை படித்தார். அவர் செத்தபோது பேட்டையில் ஒரு மூட்டை நகரவில்லை. பாடையை எங்கள் ஆட்கள்தான் தூக்கினார்கள், என் வீட்டுக்காரரும் ஒரு பக்கம். "நல்ல மனுசன். நம்மளப் போல ஆளுங்களுக்காகத் தொண்டையே கிழிஞ்சு போச்சு" என்று அழுதார்கள். ஊர்வலம் எங்கள் சந்து முனையைத் தாண்டும்போது எல்லாரும் கடையைச் சாத்தினார்கள். நான் பணியாரக் கல்லை இறக்கவில்லை.

அந்த நல்ல பேர் நான் அவருக்கு எழுதிக் கொடுத்தது. தண்டனை என்று நினைத்துக் கொடுத்தேன். அதை அவர் புண்ணியமாகக் கொண்டுபோய்விட்டார். இன்றைக்கும் எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.