பத்தாயிரத்து இருநூத்திச் சொச்சம்

என் வீட்டுக்காரருக்கு நம்பர் பைத்தியம். ஆம்பூர்ல தோல் ஷாப்புல கட்டு பிரிக்கிற வேலை. எதைப் பாத்தாலும் எத்தினி பங்கா சமமாப் பிரியும்னு வகுத்துப் பாப்பார். எனக்கு எரிச்சலா வரும், ஆனா அந்த வகுத்தல் எனக்கும் ஒட்டிக்கிச்சு. வெள்ளைக்காரன் சண்டைக்கு மூட்டை தூக்குற கூலிப்படையில சேந்து, கப்பலேறி பஸ்ரா போனவர் அங்கயும் திருந்தல. "எதிர்வீட்டானுக்குப் படையில குடுத்த நம்பர் வகுபடுது, எனக்குக் குடுத்த நம்பர் எதாலயும் வகுபடாது. நூத்தியொண்ணு வரைக்கும் பாத்துட்டேன், அதுக்குமேல பாக்கத் தேவையில்ல"ன்னு ஒரு காகிதம். பொண்டாட்டி எப்படி இருக்கான்னு ஒரு வரி கிடையாது! கோவத்துல கூரையில சொருகினேன், மழையில கூழாப் போச்சு. பத்தாயிரத்து இருநூத்திச் சொச்சம்னு மட்டும் ஞாபகம்.

எதிர்வீட்டுக்காரி புருஷனுக்கும் அதே பேரு. ஒரே நாள், ஒரே வரிசையில நின்னு சேந்தவங்க. அவன் நம்பரும் பத்தாயிரத்து இருநூத்திச் சொச்சம்தான். அதுக்குமேல அவளுக்கும் தெரியாது.

ஒரு மத்தியானம், வாணியம்பாடிக்கு லீவுல வந்த சிப்பாய் பாய் ஒருத்தர் எங்க தெருவுக்கு வந்தார். அந்தப் பேருக்காரன் காய்ச்சல்ல போய்ட்டான்னார். ஆளை அவர் பாத்ததில்ல, பேரும் நம்பரும்தான் கேட்டு வந்திருக்கார். நம்பர் என்னன்னு நானும் அவளும் ஒண்ணாக் கேட்டோம்.

"தஸ் ஹஜார் தோ சௌ திர்பன்."

நானும் ஷாப்புல பாய்ங்களோட வேலை செஞ்சவ, அவங்க ஏக், தோ எல்லாம் எனக்கு அத்துப்படின்னு நெனப்பு. தஸ் ஹஜார் தோ சௌன்னா பத்தாயிரத்து இருநூறு. திர்னா மூணு, பன்னா அஞ்சு. கேட்ட வரிசையிலயே கரிக்கட்டியால செவுத்துல எழுதினேன்: 10235.

கடைசியில அஞ்சு! அஞ்சால வகுபடுது! "என் ஆளு இல்ல, என் ஆளு இல்ல"ன்னு கத்திட்டேன், வெக்கங்கெட்டவ. எதிர்வீட்டுக்காரி மண்ணுல விழுந்து வாயிலயும் வயித்துலயும் அடிச்சிக்கிட்டா.

பாய் செவுத்தைப் பாத்தார். "நை, நை அம்மா. இன்னா எழுதறே? திர்பன்னா அம்பத்தி மூணு. எங்க பாஷையில மூணு மொதல்ல, அம்பது அப்புறம் வரும்."

அழிச்சு 10253ன்னு எழுதினேன். மூணுல போகல. ஏழுல மீதி அஞ்சு. பதினொண்ணுல மீதி ஒண்ணே ஒண்ணு. பாழாப்போன அந்த ஒண்ணு இல்லாம இருந்திருக்கக் கூடாதா! பதிமூணு, பதினேழு, பத்தொம்போது... எதாலயாவது வகுபட்டுத் தொலையேன்னு செவுத்தைத் திட்டிக்கிட்டே போட்டேன். கணக்குல தப்பு இருக்கும்னு ஏழை மறுபடி போட்டேன். அதே அஞ்சு. தெருவே நின்னு பாத்துச்சு. செவுரு பூரா கரி. கடைசியா நூத்தியொண்ணு. மீதி அம்பத்திரண்டு.

பின்னாடி அழுகைச் சத்தம் நின்னு ரொம்ப நேரம் ஆயிருந்துச்சு. திரும்பினேன். எதிர்வீட்டுக்காரி தலைவிரிகோலமா, மண்ணோட, மூச்சைப் பிடிச்சிக்கிட்டு நின்னா. கேக்க அவளுக்கு வாய் வரல, கேக்காம இருக்கவும் முடியல.

"இன்னாக்கா... வகுபடுதா?"

"வகுபடலடி"ன்னேன். "உம் புருஷன் உசுரோட இருக்கான். போ, போய் மூஞ்சியக் கழுவு."