குடியுரிமைக் கட்டத்தில் பிரதர் எழுதியது

பதுளையில் அதைப் ‘பிரதர்மார் பள்ளிக்கூடம்’ என்றுதான் சொல்வார்கள். பஸ் கண்டக்டர் அப்படிச் சொல்வார், ஆஸ்பத்திரித் தாதி அப்படிச் சொல்வாள், அங்கேயே படித்துக் கரையேறியவனும் அப்படித்தான் சொல்வான். நான் சொல்ல மாட்டேன். ஒன்பது வருஷம் அங்கே கரும்பலகையில் எழுதி வெண்கட்டித் தூள் தின்றவள் நான். எங்கள் பள்ளிக்கூடம் என்பேன். கேட்கிறவருக்குப் பிடிக்காவிட்டால் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

துறவற வார்த்தைப்பாடு கொடுத்த கத்தோலிக்கப் பிரதர்மார் மூன்று பேர். வார்த்தைப்பாடு எதுவும் கொடுக்காமல், வீடு வாசல் பிள்ளை குட்டி என்று இருந்துகொண்டே படிப்பித்த நாங்கள் பதினொரு பேர். பரிசளிப்பு விழாவில் வாசிக்கிற அறிக்கையில் பிரதர்மாரின் தியாகத்துக்கு ஒன்றரைப் பக்கம் போகும். கடைசியில் ‘ஏனைய ஆசிரியர்களும் ஒத்துழைத்தனர்’ என்று ஒரு வரி வரும். ஒத்துழைத்தோமாம். கல்யாண வீட்டில் பந்தல் கட்டினவனுக்குக்கூட அதைவிட நல்ல வார்த்தை கிடைக்கும். ஒவ்வொரு வருஷமும் அந்த வரி வரும்போது நான் கைதட்டாமல் மடியில் கையை வைத்துக்கொண்டிருப்பேன்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். டவுனுக்கு மேலே, நமுனுகுல மலையைப் பார்த்தபடி இருக்கிற தோட்டம் அது. அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து பறித்தார். கன்னியாஸ்திரிமார் தங்கள் விடுதியில் சேர்த்துக்கொண்டதால் படித்து டீச்சரானேன். பிரதர்மார் என்னை வேலைக்கு எடுத்தது என் படிப்பைப் பார்த்து மட்டுமல்ல, என் வாயைப் பார்த்தும்தான். அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

தோட்டத்துப் பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அதிபர் பிரதரின் பிடிவாதம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியான மனிதர், குடை பிடிக்காமல் மழையில் நடப்பவர். தோட்டத்துப் பள்ளியில் ஒரே மாஸ்டர் ஐந்து வகுப்பையும் ஒரே கூரைக்குக் கீழ் மேய்த்தார். அதற்கு மேல் படிப்பில்லை, கொழுந்துக் கூடைதான். ஆனால் லயத்துக்குள் போய்ப் பிள்ளை கேட்பது லேசான காரியமில்லை. வெளியாள் யாரைக் கண்டாலும் தொழிற்சங்கத்து ஆளோ என்று தோட்டத்தை நடத்துகிற துரைக்குச் சந்தேகம், கங்காணி வழியிலேயே மறித்துவிடுவார். பிரதரின் வெள்ளை அங்கியைக் கண்டால் மட்டும் துரையே தொப்பியைத் தொட்டு வழிவிடுவார். அங்கியின் வேலை அதோடு முடிந்தது. லய வாசலில் நின்று, “பிள்ளையைப் படிக்க விடுங்கோ, அம்மா” என்று பிரதர் யாழ்ப்பாணத் தமிழில் ஆரம்பித்தால், பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். அதற்குப் பிறகு என் வேலை.

“ஏங்கக்கா, ஒங்க கைவெரலப் பாருங்க. இவன் வெரலும் இப்புடிக் கறுத்துப் போவணுமா?” என்பேன்.

“வெரலு வெள்ளையா இருந்தா வயிறு ரொம்புமா டீச்சர்?” என்பார்கள். நான் ஏசுவேன், அவர்களும் ஏசுவார்கள், நடுவில் தேத்தண்ணி வரும். இப்படி ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் நானும் அவரும் மலையேறிவிட்டு இறங்கும்போது, பிரதரின் நோட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் ஏறியிருப்பார்கள்.

வயது கூடி, எழுத்துத் தெரியாமல் வருகிற அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு வகுப்பு இருந்தது. அது என் வகுப்பு. ஒரு வருஷம் வைத்திருந்து, எழுத்தும் கணக்கும் மண்டையில் ஏற்றி, மற்ற வகுப்புகளுக்கு அனுப்புவேன். டவுன் பிள்ளை எவனாவது அவர்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்று கூப்பிட்டால், அவன் காது என் கையில் இருக்கும். அதற்காகப் பெற்றோர் இரண்டு தரம் முறைப்பாடு செய்தார்கள். பிரதர் என்னைக் கூப்பிட்டு, “கொஞ்சம் மெல்லமாத் திருகுங்கோ” என்று மட்டும் சொன்னார்.

அறுபதாம் வருஷக் கடைசியில், உதவி பெறும் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொள்கிற சட்டம் வந்தது. கொழும்புப் பக்கத்தில் தாய் தகப்பன்மார் விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள் என்று செய்தி வந்தது. பதுளையில் எங்களுக்கு அவ்வளவு ஆள்பலம் இல்லை. எங்கள் பள்ளிக்கூடம் கைமாறப்போகிறது என்பது தெரிந்துபோயிற்று. மற்ற ஆசிரியர்களுக்குப் பயமில்லை, அவர்கள் அரசாங்க ஆசிரியர் ஆகிவிடுவார்கள். எனக்குத்தான் சிக்கல். அரசாங்க ஆசிரியர் என்றால் இந்த நாட்டுப் பிரஜையாக இருக்க வேண்டும். நான் பிரஜை இல்லை.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷமே, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எங்கள் தோட்டத்து ஆட்களுக்குக் குடியுரிமை போயிற்று. அப்பா மனுப் போட்டார். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள், ஒரு அத்தாட்சித் துண்டு கேட்டார்கள். கொடுத்தோம். இன்னொரு துண்டு கேட்டார்கள், அதையும் கொடுத்தோம். அதற்குப் பிறகு கடவுளிடமிருந்தாவது பதில் வரும், அந்தக் கந்தோரிலிருந்து வராது என்று அப்பா விட்டுவிட்டார். பிரதர்மார் பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. அதனால்தான் நான் டீச்சராக இருந்தேன்.

ஆசிரியர்களின் விபரம் கேட்டுக் கல்வித் திணைக்களத்திலிருந்து படிவம் வந்தது. அதில் பெயருக்குப் பக்கத்தில் குடியுரிமைக்கு ஒரு கட்டம். எங்களில் மூத்தவரான கணக்கு சேர் ஒரு யோசனை சொன்னார். அவர் பதுளை பசாரில் பிறந்து வளர்ந்த முஸ்லிம். இருபது வருஷமாகக் கத்தோலிக்கப் பள்ளியில் படிப்பிக்கிறவர், செபம் தொடங்கினால் எழுந்து மரியாதையாக நிற்பார்.

“பொறந்த எடம் பதுளைன்னு எழுதுவோம், அது உண்மை. மத்தக் கட்டத்த சும்மா விட்ருவோம். வெறுங்கட்டத்தத் தேடிக்கிட்டு இருக்கிறதுக்கு எந்தக் கிளாக்கருக்கு நேரம் இருக்கு?” என்றார்.

பதினொரு பேரும் சம்மதித்தோம். பொய் சொல்லவில்லை, வாயை மூடிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். அதிபரிடம் போய் இப்படிச் செய்யுங்கள் என்று கேட்டோம். “பாப்பம்” என்றார். அவருடைய ‘பாப்பம்’ என்பதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஒன்பது வருஷம் பழகியும் எனக்குப் புத்தி வரவில்லை.

அவர் அந்தக் கட்டத்தில் தம்முடைய அழகான கையெழுத்தில் எழுதினார்: ‘பிரஜை அல்லர். விண்ணப்பம் நிலுவையில்.’ அது போதாதென்று, நான் எவ்வளவு நல்ல ஆசிரியை, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தேவையானவள் என்று ஒரு முழுப் பக்கம் எழுதிக் குண்டூசி குத்தி அனுப்பினார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு உள்ளதைச் சொன்னால் மன்னிப்புக் கிடைக்கும் என்று பழகின மனிதர். கந்தோரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். ஒரு பிரதரைத் தவிர உலகத்தில் வேறெவரும் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார்கள்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. மாதம் பிறந்ததும் நான் வகுப்புக்குப் போகக்கூடாது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

“ஒங்க மனச்சாட்சி சுத்தமா இருக்கணும்னு என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே, பிரதர்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “டீச்சர், பொய் எழுத என்னால ஏலாது.”

“பொய் எழுதச் சொன்னது யாரு? சும்மா விடுங்கன்னுதானே கேட்டோம்.”

“உள்ளதைச் சொன்னால் இரங்குவினம் எண்டு நினைச்சிட்டன். உங்களுக்கு நல்லது செய்யிறன் எண்டுதான் எழுதினனான்.”

“எனக்கு நல்லதுன்னு எப்புடித் தெரியும்? என்னயக் கேட்டீங்களா?”

நான் விடவில்லை. ஒன்பது வருஷம் மடியில் கட்டிவைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது. “நீங்க மூனு பேரும் மாடியில முடிவெடுப்பீங்க, நாங்க கீழ ஒத்துழைக்கணும். லயத்துக்குப் போனா எம்பேச்சு வேணும். படிவத்துல எழுதுறதுக்கு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க வேணாம். இது ஒங்க பள்ளிக்கூடம் மட்டுமா, பிரதர்?”

கன்னியாஸ்திரிமாரிடம் சொல்லி விடுதியில் தையல் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். எனக்காகச் செபிப்பதாகச் சொன்னார்.

“செபம் நானும் பண்ணுவேன். அது இல்ல இப்ப பேச்சு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வெளியே வந்து, பிரதர்மாரின் மாட்டுக்கொட்டில் பக்கம் போய் அழுதேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்கொன்றுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தனியாக மலையேறினேன். என் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் என் சொந்தத் தோட்டத்தையும் அடுத்த தோட்டத்தையும் சேர்ந்தவர்கள். இனி வேறு டீச்சர் வருவார், பிள்ளைகளை நிறுத்திவிடாதீர்கள் என்று தாய்மாரிடம் சொல்லத்தான் போனேன். பிரதரின் அங்கி என்னோடு வரவில்லை என்பதால் கங்காணி மறித்தார்.

“யாரக் கேட்டு வர்ற?”

“எங்க அம்மா வீட்டுக்குப் போறதுக்கு யாரக் கேக்கணும்? நீங்க ஒங்க ஆத்தா வீட்டுக்குக் கடுதாசி எழுதிட்டுத்தான் போறீங்களா?”

அவர் விலகிக்கொண்டார். பீலியடியில் தண்ணீருக்கு நின்ற பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். நான் பிரஜை இல்லையாம், அதனால் படிப்பிக்கக் கூடாதாம் என்றேன். என் வகுப்பில் இரண்டு பிள்ளைகளை விட்டிருந்த ஒரு அக்கா, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டாள்.

“அப்ப எம்புள்ளைங்க மட்டும் பெரஜையா? நாங்க பெரஜையா? நாட்டுல சேராத டீச்சரு நாட்டுல சேராத புள்ளைக்குச் சொல்லிக் குடுத்தா அவனுகளுக்கு என்னா கொறஞ்சு போச்சு? நீ எங்க இருக்கியோ அங்க அனுப்புறோம். எடத்த மட்டும் சொல்லு.”

இடம் எனக்கே தெரியாது. திங்கட்கிழமை பங்குச் சுவாமியாரிடம் போனேன். பள்ளிக்கூட மதிலுக்கு அந்தப் பக்கம் கோயில் மண்டபம் இருந்தது. அது கோயிலுக்குச் சொந்தம், சட்டத்துக்குள் வராது. சாவியைக் கேட்டேன். அவர் தாடியைத் தடவினார்.

“ஏதும் பிரச்சினை வந்தா?”

“கல்யாணச் சாப்பாடு போடுற மண்டபந்தானே, சாமி. சோறு போடலாம்னா வாய்ப்பாடும் சொல்லலாம்.”

சாவியைத் தந்தார். யாரும் கேட்டால், தான் எனக்கு எதுவும் தரவில்லை என்றும் சொல்லிவைத்தார்.

மாதம் பிறந்த அன்று பள்ளிக்கூடத்தைப் பொறுப்பெடுக்க உத்தியோகத்தர் வந்தார். மேசை கதிரைகளை எண்ணி எழுதிக்கொண்டு என் வகுப்புக்கு வந்தபோது அங்கே ஒரு பிள்ளையும் இல்லை. இருபத்தாறு பேரும் மதிலுக்கு அந்தப் பக்கம், சிமெந்துத் தரையில் பாய்போட்டு உட்கார்ந்து, தொண்டை கிழிய அ, ஆ சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் பலமாகச் சொல்லுங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். உத்தியோகத்தர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும்படி ஆள் விட்டார். பிள்ளைகளை அனுப்பியது நானில்லை, தாய்மாரைப் போய்க் கேளுங்கள் என்று சொல்லியனுப்பினேன். அவர் மலையேறவில்லை.

சோற்றுக்கு மாலையில் சட்டை தைத்தேன். தையல் வேலை வேண்டாமென்று சொன்ன அதே வாய்தான். பிரதர் சொல்லித் தைப்பது வேறு, நானாகத் தைப்பது வேறு. கணக்கு சேர் பள்ளி விட்டதும் வந்து பெரிய பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அரசாங்க ஆசிரியர் இப்படி வரலாமா என்று கேட்டேன். “மண்டபத்துல காத்து நல்லா வருது டீச்சர், அதான் வந்தேன்” என்றார்.

அதிபர் பிரதர் மட்டும் வரவில்லை. அவரும் அரசாங்கத்தின் கீழ் அதிபராகத் தொடரலாம் என்று சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். இருந்துகொள்ளட்டும் என்று விட்டேன். பூசையில் கண்டால் நான் வேறு பக்கம் பார்த்தேன். கோபம் தணியவில்லை, தணிந்ததாக நடிக்கவும் எனக்கு வராது.

ஐந்தாறு வாரம் போயிருக்கும். ஒரு காலை நாங்கள் ஏழாம் வாய்ப்பாட்டில் இருந்தோம். வாசலில் நிழல் விழுந்தது. பிரதர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கையில் ஒரு பெட்டி வெண்கட்டி.

“அந்த வேலையை விட்டிட்டன், டீச்சர்” என்றார். “இஞ்ச வர எங்கட துறவற சபை மேலிடத்தில கேட்டனான், விட்டினம். இனி உங்களைத்தான் கேக்க வேணும். நான் இஞ்ச படிப்பிக்கலாமோ?”

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். கையைத் தட்டி அவர்களை வாய்ப்பாட்டுப் பக்கம் திருப்பினேன்.

“பின்னால போய் உக்காருங்க, பிரதர். வாய்ப்பாடு முடிஞ்சதும் சொல்றேன்.”

அவர் அங்கியை ஒதுக்கிக்கொண்டு, கடைசி வரிசையில் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். அன்றைக்கு ஏழாம் வாய்ப்பாட்டை மூன்று தரம் சொல்லவைத்தேன்.