செஞ்சேனாபதி கூத்தில் நான் சாகாமல் போனது

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, எங்கள் ஊர்க் கோயில் முன்றலில் ஒரு சோவியத் தளபதி என்னைச் சுட்டுக் கொல்வதாக ஏற்பாடாகியிருந்தது. ஏற்பாட்டைச் செய்தவர் மாமா. தளபதியாக ஆடியவர் சித்தப்பா. மாதக்கணக்காக ஆடிப் பழகியும் கடைசியில் சாகக் கிடைக்கவில்லை என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த துக்கம்.

மாமா அம்மாவின் தம்பி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடைக்கு மனேஜர். கொழும்புக்கே இரண்டொரு தடவைதான் போயிருக்கிறார். ஆனால் சோவியத் நாடு இருந்த காலத்தில் அங்கே தமிழில் அச்சாகி, வழவழப்பான தாளில், மலிவு விலைக்கு இங்கே வந்த புத்தகங்கள் எல்லாம் அவரிடம் இருந்தன. மாமாவின் சோவியத் நாடு பனி, சதுரங்கம், விண்வெளி, தளபதி என்ற நான்கு பொருள்களால் ஆனது. முதல் மூன்றையும் அவர் எடுத்தால் ஊரார் எழுந்து போய்விடுவார்கள். தளபதியை எடுத்தால் மட்டும் இருந்து கேட்பார்கள். சண்டைக் கதை அல்லவா.

எங்கள் நாட்டுப் போர் முடிந்து சில வருடங்கள் கழித்து, கோயில் சடங்குக்குப் புதுக்கூத்து ஒன்று போடுவது என்று ஊர் முடிவெடுத்தது. மாமா அந்தத் தளபதியின் கதையை வடமோடிப் பாணிக் கூத்தாக எழுதிக்கொண்டு வந்தார். சப்பாத்துத் தைப்பவர் வீட்டில் பிறந்து, குதிரைப் படையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தவர். தலைநகரின் வாசலில் ஜெர்மானியப் படையை நிறுத்தியவர். அதை அதன் சொந்தத் தலைநகர் வரைக்கும் துரத்திக்கொண்டு போனவர். வெற்றி விழாவில் வெள்ளைக் குதிரையில் வந்தவர். சனம் அந்தக் குதிரையைப் பார்த்து ஆரவாரித்ததைத் தாங்காத தலைவரால் தூர மாகாணம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டவர். அவருடைய ரஷ்யப் பெயரை எந்தத் தாளத்துக்குள்ளும் அடக்க முடியாததால் மாமா அவருக்குச் செஞ்சேனாபதி என்று பெயர் வைத்தார். ஊரில் அந்தப் பெயர்தான் நிலைத்தது.

கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கு வேறு சிக்கல். பாத்திரம் ஆடுகளமான களரிக்குள் நுழைகிற ஆட்டத்தை வரவு என்பார்கள். ஒவ்வொரு தரத்துக்கும் ஒவ்வொரு வரவு.

"தம்பி, இவருக்கு ராசா வரவு குடுக்கிறதா, மந்திரி வரவா?"

"ரெண்டும் இல்ல அண்ணாவியார். இவர் சப்பாத்துத் தைக்கிற வீட்டுப் புள்ள."

"அப்பிடி ஒரு வரவு நம்மட்ட இல்லையே. வீமன்ட ஆட்டத்தக் குடுப்பம். கொஞ்சம் சாப்பாட்டுக்காரன் மாதிரி இரிக்கும், பரவாயில்ல."

சித்தப்பா வாவியில் தோணி விடுகிறவர். அக்கரையில் நிற்கிறவனோடு இக்கரையில் இருந்து கதைக்கக் கூடிய குரல். தளபதி வேடம் அந்தக் குரலுக்காகத்தான் கிடைத்தது. பனியைப் பற்றி மாமா விளக்கியபோது அவர் கேட்டார்:

"ஐஸ் பெட்டிக்குள்ள மீன் கிடக்கிற மாதிரியா மச்சான்?"

"ஓம், அதுக்குள்ள நிண்டுதான் சண்டை புடிச்சவங்க."

"அப்ப கருவாட்டுக்கும் உதவாத சாவு."

கூத்து அப்படியே போயிருந்தால் ஒரு குறையும் வந்திராது. அப்பாதான் குழப்பினார். அப்பா இங்கிலீசு வாத்தியார். மாமாவைச் சீண்டுவது மச்சான் முறைக்குத் தன் கடமை என்று நினைத்தவர். ஒருநாள் மட்டக்களப்பு நகருக்குப் போய் இன்ரநெற்றில் பார்த்துவிட்டு வந்து, பழகும் இடத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"மச்சான், உங்கட தளபதி சொந்தப் பொடியன்களையே சுடச் சொன்னவராமே. பின்வாங்கினவன், ஓடினவன் எல்லாத்தையும். சனத்த விறகு மாதிரி அடுக்கி எரிச்சுத்தான் வெண்டவர் எண்டு அவங்கட ஆக்களே எழுதியிரிக்காங்க."

சிரிப்பு எழுந்தது. "தோழர், பதில் சொல்லுங்க" என்று யாரோ கத்தினார்கள். மாமா வழக்கமாக அப்பாவுக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பதில் கொடுப்பவர். அன்று சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். சில நாட்கள் பழகும் இடத்துக்கே வரவில்லை. வந்தபோது கையில் புதிய காட்சி ஒன்று இருந்தது.

"மறைக்க ஏலா" என்றார். "சுட்டவர்தான். ஏன் சுட்டவர் எண்டும் சனம் கேக்கட்டும்."

அந்தக் காட்சியில் பனியில் இருந்து தப்பித் தாயைப் பார்க்க ஓடிய ஒரு படைவீரனைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அவன் செஞ்சேனாபதியின் காலில் விழுந்து பாடுகிறான்:

பனியிலே கால்கள் நொந்தேன் — ஐயா
பெற்றவள் முகம்காண வந்தேன்

செஞ்சேனாபதி எதிர்ப்பாட்டுப் பாடுகிறார்:

ஒருவனை நான்விட்டு விட்டால் — இங்கே
ஊரையே விட்டவன் ஆவேன்

பிறகு துவக்கை நீட்டிச் சுடுகிறார். வீரன் சுழன்று ஆடி விழுகிறான்.

வேடத்தை எடுக்க ஒருவரும் இல்லை. சாகிற வேடம், அதிலும் ஓடினவன் என்று பொடியன்கள் எல்லோரும் நழுவினார்கள். "மருமகள் செய்வா" என்றார் மாமா, என்னைக் காட்டி. எனக்குப் பாட்டெல்லாம் பாடம், தாளமும் பிசகாது. அந்த ஊரில் பெண்பிள்ளை ஆண் வேடம் கட்டியது அதுதான் முதல் தடவை என்றும், நான் விழுகிற விழுகை நன்றாக இருக்கிறது என்றும் அண்ணாவியார் சொன்னார். இரண்டையும் நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

இங்கே பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அம்மாவின் அக்கா, மாமாவுக்கு மூத்த அக்கா. பக்கத்து வளவில் தனியாக இருந்தார். ஆண், பெண் பாராமல் பிள்ளைகளை 'மனே' என்றுதான் கூப்பிடுவார். அவருடைய ஒரே மகன், எனக்கு அண்ணா. போர்க் காலத்தில் இயக்கத்தார் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்துக்கொண்டு போனபோது அவரையும் கொண்டுபோனார்கள். ஒருமுறை ஓடி வந்து வீட்டில் இருந்தார். பிறகு திரும்பப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வீட்டில் இதற்கு மேல் யாரும் கதைப்பதில்லை.

பழகும் நாட்களில் எல்லோருக்கும் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வருகிறவர் பெரியம்மாதான். ஒருநாள் நான் முதல் தடவையாகச் சரியாக விழுந்தேன். எழும்பிப் பார்த்தால் பெரியம்மா கேத்திலோடு களரி ஓரத்தில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"தம்பி" என்று மாமாவைக் கூப்பிட்டார்.

"என்னக்கா?"

"அவனச் சுடாம விடேலாதா?"

சித்தப்பா நீட்டிய மரத்துவக்கை மெல்ல இறக்கினார்.

"இது சரித்திரம் அக்கா. மாத்த ஏலா."

"பாரதத்தையே நாம ஊருக்கொரு விதமா ஆடுறம், தம்பி" என்றார் அண்ணாவியார், மத்தளத்தைப் பார்த்துக்கொண்டு.

"இது பாரதம் இல்ல அண்ணாவியார், உள்ளதா நடந்தது. ஒருத்தன விட்டா மத்தவனெல்லாம் ஓடுவான். மறுகா ஊரே இல்ல. அந்தாளுக்கும் விருப்பமில்லாமத்தான் அக்கா. வேற வழி இல்லாமத்தான்..."

"அத அந்தாள் சொல்லட்டும். நீ ஏன் நடுங்கிறாய்?"

பெரியம்மா கேத்திலைத் தூக்கி ஒவ்வொருவருக்கும் ஊற்றினார். மாமாவுக்கும் ஊற்றினார். அவர் குடிக்காத தேநீரில் எறும்பு மிதந்ததை நான் பார்த்தேன். என் கவலை வேறு. காட்சியை வெட்டிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். வெட்டவில்லை. மறுநாளும் பெரியம்மா பிளேன்ரீ கொண்டுவந்தார். இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்தேன்.

அரங்கேற்றம் அன்று வெள்ளெனவே சனம் வந்துவிட்டது. கொக்கட்டிச்சோலையில் இருந்தெல்லாம் உழவு மெஷின் பெட்டியில் ஏறி வந்திருந்தார்கள். இலவம்பஞ்சைத் தூவிப் பனி பெய்வித்தோம். முன் வரிசைப் பிள்ளைகளுக்குத் தும்மல் பிடித்தது. சித்தப்பா வீமன் ஆட்டத்தில் வந்து களரியைச் சுற்றியபோது கிழவர்கள்கூட எழுந்து நின்றார்கள்.

எங்கள் பக்கத்துக் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவரின் உறவினர் களரிக்குள் வந்து சால்வை போர்த்திப் பரிசு கொடுப்பார்கள். அப்போது எந்தக் காட்சியானாலும் ஆட்டம் நிற்கும், மத்தளம் நிற்கும். கட்டியம் சொல்கிறவன் கொடுத்தவர் யார் என்று சபைக்கு அறிவிப்பான். பெரும்பாலும் இதை வரவு முடிந்த கையோடு செய்துவிடுவார்கள். எனக்கு அம்மாவும் அப்பாவும் அப்போதே போர்த்திவிட்டார்கள். பெரியம்மா வரவில்லை. நான் கொஞ்சம் ஏமாந்துதான் போனேன்.

என் பாட்டு முடிந்தது. செஞ்சேனாபதியின் பாட்டும் முடிந்தது. சித்தப்பா துவக்கை நீட்டினார். நான் விழுவதற்குக் காலை மாற்றி வைத்தபோது மத்தளம் நின்றது. திரும்பிப் பார்த்தால் பெரியம்மா களரிக்குள் வந்துகொண்டிருந்தார். கையில் புதுச் சால்வை. நேரம் பிந்திப் பரிசு கொடுக்க வருகிறார் என்று நினைத்துச் சனம் சிரித்தது. "சாகப் போறவளுக்கு இப்பயா சால்வை?" என்றது ஒரு குரல். கட்டியக்காரன், "இன்னாருடைய பெரியம்மா" என்று தொடங்கினான்.

பெரியம்மா சால்வையை என் தோளில் போர்த்தினார். பிறகு என் கையைப் பிடித்தார். பிடித்தபடி துவக்குக்கு முன்னால் குறுக்காக நடந்து, என்னையும் கூட்டிக்கொண்டு களரியை விட்டு இறங்கி, சனத்துக்கு நடுவால் வெளியே போனார். யாரும் மறிக்கவில்லை. சால்வை போர்த்த வந்தவரை மறிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

பின்னால் நடந்ததை அம்மா சொல்லித்தான் அறிந்தேன். சித்தப்பா துவக்கோடு நின்று, அந்தப் பெரிய குரலில், "இப்ப நான் ஆரச் சுடுற?" என்று கேட்டாராம். சனம் ஒருமுறை சிரித்ததாம். பிறகு முதலில் பெண்கள் பக்கம் அடங்கியது, அதற்குப் பின் எல்லாப் பக்கமும். எத்தனை வீட்டில் போனவர்கள், வராதவர்கள். ஏட்டைப் பார்த்து அடியெடுத்துக் கொடுக்க நின்ற மாமா ஏட்டை மூடிவிட்டாராம். அண்ணாவியார்தான் ஒன்றும் நடவாதது போல வெற்றிக் காட்சிக்குத் தாளத்தைத் தட்டினார். செஞ்சேனாபதி அன்று தன் ஆட்களில் ஒருவனையும் சுடாமலே போரை வென்றார்.

நான் இப்போது பாலங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிடும் வேலையில் இருக்கிறேன். எதையும் இரண்டு நிரலாக எழுதிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அந்தத் தளபதியைப் பற்றியும் தேடி வாசித்து எழுதிப் பார்த்தேன். அவர் இல்லாவிட்டால் எத்தனை நகரங்கள் போயிருக்கும் என்பது ஒரு பக்கம். அவரால் போன பிள்ளைகள் மறுபக்கம். அவருடைய நாட்டில் சிலைகளுக்குப் பூ வைக்கிறார்கள். பக்கத்து நாடுகளில் அவர் காலத்துச் சிலைகளைக் கழற்றி இறக்குகிறார்கள். இரண்டு நிரலையும் கூட்டி ஒரு விடை எடுக்க எனக்குத் தெரியவில்லை. மாமாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர் அதற்குப் பிறகு கூத்து எழுதவில்லை. ஒவ்வொரு வெள்ளாண்மை வெட்டிலும் பெரியம்மாவுக்கு அரிசி மூட்டை கொண்டுபோய் இறக்குகிறார். பெரியம்மா வாங்கிக்கொள்வார். இரு என்று சொல்வதில்லை.

அண்ணா எப்படித் திரும்பப் போனார் என்பதை, நான் கம்பசில் படிக்கும்போதுதான் அம்மா சொன்னார். அவர் ஓடிவந்து ஒளித்திருந்த நாட்களில் தேடி வந்தார்களாம். பிடித்தால் சுடுவார்கள், தானாகப் போனால் மன்னிப்பார்கள் என்று மாமா நம்பினார். அப்படி யாரோ வாக்கும் கொடுத்திருந்தார்களாம். விடியலில் மாமாதான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். வாசல் படலையில் பெரியம்மா அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "விடுங்கம்மா, நானாப் போனா ஒண்டும் செய்யமாட்டாங்களாம், மாமா சொன்னவர்" என்றாராம் அண்ணா. பெரியம்மா விட்டார்.

அரங்கேற்றத்தன்று நாங்கள் வயல் வட்டை ஓரத்து வரம்பால் வீட்டுக்கு நடந்தோம். என் காலில் சதங்கை கிடந்தது. பின்னால் வெற்றிப் பாட்டு தொடங்கியது கேட்டது. நான் இல்லாமலே தொடங்கிவிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"விடுங்க பெரியம்மா. இப்ப நானாத் திரும்பிப் போனா மாமா ஒண்டும் செய்யமாட்டார்."

பெரியம்மா நின்றார். என் முகத்தைக் குனிந்து பார்த்தார். விடப்போகிறார் என்று நினைத்துக் கையை இழுத்தேன். பிடி இறுகியது.

"நோகுது பெரியம்மா."

"நோகட்டும் மனே."

வீடு வரும் வரைக்கும் நான் செய்த பிழைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டு போனேன். இரண்டாம் அடியில் குரல் கொஞ்சம் இறங்கியது. சால்வை போர்த்தியவரைக் கும்பிட மறந்தது. துவக்கைப் பார்க்காமல் சனத்தைப் பார்த்தது. இவற்றில் எதற்காகப் பெரியம்மா எனக்கு இவ்வளவு பெரிய தண்டனை தருகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.